வீட்டு வெளிச்சத்துக்குக் காற்றாலை: காற்றை அளந்த பிறகே கம்பம்



காற்றைப் பற்றி விவசாயிக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. களத்தில் நெல்லை அடித்துக் குவித்துவிட்டு, முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று எப்போது வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து நிற்பவர் நீங்கள். லேசான காற்றில் பதர் பிரியாது. அளவான காற்றில் பதர் தள்ளிப் போய் விழும், மணி காலடியில் குவியும். காற்று மிஞ்சிவிட்டால் பதரோடு சேர்ந்து மணியும் போய்விடும். காற்றாலை விஷயமும் இதேதான். காற்று குறைந்தால் பயன் இல்லை, அளவாக இருந்தால் லாபம், மிஞ்சினால் நஷ்டம்.

முப்பந்தல் பக்கமோ, பல்லடம், உடுமலை பக்கமோ போய் வந்தவர்கள் வானத்தைத் தொடுகிற பெரிய காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் மாநிலத்தில் இந்த வேலை 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. அதையெல்லாம் பார்த்துவிட்டு, "இதே மாதிரி சின்னதா ஒண்ணு நம்ம தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வச்சா என்ன?" என்று கேட்கிறவர்கள் பலர். நியாயமான கேள்விதான். வைக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் வைக்க முடியாது. எங்கே வைக்கலாம், எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், எப்படிச் செய்வது, எதில் கவனம் வேண்டும் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்கிற சின்னக் காற்றாலை கிணற்று மோட்டாரை ஓட்டாது. அஞ்சு எச்.பி. மோட்டார் என்றால் 3,700 வாட்டுக்கு மேல் இழுக்கும். நாம் பேசப்போகிற காற்றாலை நல்ல காற்றிலேயே சில நூறு வாட்தான் கொடுக்கும். காற்றால் தண்ணீர் இறைக்க வேண்டுமானால் அதற்கு வேறு வகை இருக்கிறது. நிறைய தகடுகள் வைத்து, மெதுவாகச் சுற்றி, பம்புத் தண்டை மேலும் கீழும் இழுக்கும் காற்றாடி அது. ஆரோவில்லில் உருவான ஏவி-55 என்ற காற்றாடி அந்த ரகம். மின்சாரம் எடுக்கிற காற்றாலைக்கு இறக்கை குறைவாகவும், சுற்று வேகமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் இது எதற்கு உதவும்? நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, ரேடியோ, சின்ன டி.வி., செல்போன் சார்ஜ். இவ்வளவுதான். மின்கம்பி வராத தோட்டத்து வீட்டுக்கும், காவல் கொட்டகைக்கும், ஆட்டுப் பட்டிக்கும் இது பெரிய உதவி. பாம்பு, தேள் நடமாட்டம் உள்ள இடத்தில் ராத்திரி ஒரு விளக்கு எரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே மின்வாரிய இணைப்பு உள்ள வீட்டில், கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். போட்ட பணம் சுலபத்தில் திரும்பாது.

மற்ற நாட்டார் செய்தது

இந்த யோசனை புதிதல்ல. 1887ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர், துணிப் பாய் கட்டிய ஒரு காற்றாலையைத் தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தி, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து விளக்கு எரித்தார். மிச்ச மின்சாரத்தை ஊர்த் தெருவிளக்குக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னார். ஊர் ஜனங்கள், இது பேய் வேலை என்று சொல்லி வேண்டாமென்று விட்டார்கள்! 1891இல் டென்மார்க்கில் பால் லா கூர் என்ற ஆசிரியர் இதை ஆராய்ந்து, இறக்கைகள் குறைவாக இருந்து வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரத்துக்கு நல்லது என்று கண்டார். கிராமத்து இளைஞர்களுக்கு மின்வேலையும் கற்றுக்கொடுத்தார்.

நம் காலத்துக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. அங்கே 2001, 2002இல் கடும் பஞ்சம். வில்லியம் கம்குவாம்பா என்ற விவசாயி வீட்டுப் பையன், பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்த வேண்டி வந்தது. வயது 14. ஊர் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் காற்றாலைப் படத்தைப் பார்த்தான். டிராக்டர் விசிறி, பழைய சைக்கிள், சைக்கிள் டைனமோ, சூடாக்கித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், மரக் கம்பங்கள் ஆகியவற்றைக் கொண்டு காற்றாலை கட்டி, வீட்டில் விளக்கு எரித்தான், ரேடியோ கேட்டான். சைக்கிள் டைனமோ கொடுப்பது 12 வாட்தான். ஆனாலும் இருட்டு வீட்டுக்கு அது பெரிய வெளிச்சம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த வேலைக்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை என்று காட்டத்தான். கைவேலை தெரிந்த தச்சர், வெல்டிங் பட்டறைக்காரர், மோட்டார் காயில் கட்டுகிறவர் ஆகிய மூவரும் சேர்ந்தால் காற்றாலை செய்துவிடலாம். ஆனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், காற்று இல்லாத இடத்தில் வைத்தால் அது அழகுக்கு நிற்கிற பொம்மைதான். ஆகவே முதலில் காற்றின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தியும் இரட்டிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. சக்தி எட்டு மடங்கு ஆகிறது. வேகம் மூன்று மடங்கானால் சக்தி இருபத்தேழு மடங்கு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் காற்றாலை விஷயத்தில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

எட்டடி விட்டம், அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், அந்த வட்டத்துக்குள் வருகிற சக்தி சுமார் 40 வாட். 18 கிலோமீட்டர் ஆனால் சுமார் 340 வாட். 36 கிலோமீட்டர் ஆனால் சுமார் 2,700 வாட். 72 கிலோமீட்டர் புயல்வேகம் வந்தால் 21,000 வாட்டுக்கும் மேல்!

இவ்வளவும் நமக்குக் கிடைக்காது. காற்றிலுள்ள சக்தியில் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுபோகும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. வீட்டில் செய்கிற காற்றாலையில் இறக்கையில் கொஞ்சம், டைனமோவில் கொஞ்சம், ஒயரில் கொஞ்சம் என்று போக, நூற்றுக்கு 20, 25 பங்கு கைக்கு வந்தால் நல்ல வேலை என்று சொல்லலாம்.

அப்படிப் பார்த்தால், 9 கிலோமீட்டர் காற்றில் ஒன்றும் தேறாது. 18 கிலோமீட்டர் காற்றில் 70, 80 வாட் கிடைக்கும். அந்தக் காற்று ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிலையாக வீசினால் முக்கால் யூனிட் சேரும். பேட்டரியில் போட்டு எடுப்பதில் கழிவு போக அரை யூனிட்டுக்குச் சற்று மேலே பயன்படும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, அஞ்சு மணி நேரம் எரிய 180 வாட்-மணி. 30 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுற்ற 240. 40 வாட் டி.வி. மூணு மணி நேரம் ஓட 120. ஆக மொத்தம் 540. ஆயிரம் வாட்-மணி சேர்ந்ததுதான் ஒரு யூனிட். கணக்கு சரியாக வருகிறது பாருங்க.

"காற்றாலை ஆயிரம் வாட்" என்று எழுதி விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்த ஆயிரம் வாட் எந்த வேகத்தில் கிடைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் மணிக்கு 40 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்று பதில் வரும். உங்கள் தோட்டத்தில் அந்தக் காற்று வருஷத்தில் எத்தனை மணி நேரம் வீசுகிறது? அதுதான் கேள்வி. இன்னொன்று, எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல் இறக்கையின் விட்டத்தைப் பாருங்கள். காற்றைப் பிடிக்கிற வலை அதுதான். வலை சின்னதாக இருந்தால் மீனும் குறைவாகத்தான் கிடைக்கும்.

காற்றை அளப்பது எப்படி?

நம் மாநிலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நாலு கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, திருப்பூர் பகுதிக்கும், கம்பம் கணவாய் வழியாகத் தேனி பகுதிக்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசி, கயத்தாறு பகுதிக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல், ராதாபுரம் பகுதிக்கும் வருகிறது. வைகாசிக் கடைசி முதல் புரட்டாசி வரை காற்று பலமாக இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. மற்ற மாதங்களில் அங்கேயும் காற்று தணிந்துவிடும்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் நாடு முழுவதற்கும் காற்று வரைபடம் தயாரித்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் குறித்திருப்பது பெரிய காற்றாலைகளுக்கான 80 மீட்டர், 100 மீட்டர், அதற்கும் மேற்பட்ட உயரத்துக் காற்று. உங்கள் கம்பம் நிற்கப்போவது 15, 18 மீட்டர் உயரத்தில். வரைபடத்தைப் பார்த்து, இந்தப் பகுதியில் காற்று உண்டு என்று தெரிந்துகொள்ளலாமே தவிர, அந்த எண்ணை அப்படியே நம் கம்பத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே நீங்களே அளக்க வேண்டும். காற்றுவேகமானி என்ற சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கப்பல்காரர்கள் கண்ணால் பார்த்தே காற்றை அளந்த முறை ஒன்று உண்டு. 1805இல் பியூஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஏற்படுத்திய அளவு அது. பிற்பாடு தரையில் உள்ளவர்களுக்கும் ஏற்றபடி அமைத்தார்கள். அதன்படி:

முகத்தில் காற்று தெரிகிறது, இலை சலசலக்கிறது என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இதில் பயன் இல்லை.

இலையும் சிறு குச்சியும் விடாமல் அசைகின்றன, கொடித்துணி விரிகிறது என்றால் 12 முதல் 19 கிலோமீட்டர். இங்கேதான் காற்றாலை வேலை செய்யத் தொடங்கும்.

புழுதியும் காகிதமும் கிளம்புகின்றன, சிறு கிளை ஆடுகிறது என்றால் 20 முதல் 28 கிலோமீட்டர். இது நல்ல காற்று.

இலை நிறைந்த சிறு மரமே ஆடுகிறது என்றால் 29 முதல் 38 கிலோமீட்டர். இதுதான் பொன்னான காற்று.

பெரிய கிளை ஆடுகிறது, மின்கம்பி ஊதுகிறது, குடை பிடிக்க முடியவில்லை என்றால் 39 முதல் 49 கிலோமீட்டர். இதற்கு மேலே போனால் காற்றாலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கம்பம் நிற்கப்போகிற இடத்தில், காலை ஆறு மணி, மத்தியானம் இரண்டு மணி, ராத்திரி எட்டு மணி என்று தினம் மூணு வேளை பார்த்து எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். ஒரு வருஷம் முழுக்க எழுத வேண்டும். அவசரமானால் ஆனி முதல் ஆவணி வரையாவது எழுதுங்கள். அந்த மூன்று மாதத்திலேயே புழுதி கிளம்பும் காற்று பாதி நாளுக்குமேல் இல்லையென்றால், அந்த இடத்தில் காற்றாலை வேண்டாம். ஒரு நோட்டுச் செலவோடு பெரிய செலவு மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் உயரமும்

வாய்க்காலில் ஒரு பாறை கிடந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழித்துக் குழம்பி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றும் அப்படித்தான். மரம், வீடு, வைக்கோல் போர் எது குறுக்கே நின்றாலும், அதன் பின்னால் வெகுதூரம் காற்று குழம்பிச் சுழலும். 20 அடி வீட்டின் பின்னால் 400 அடி தூரம் வரைக்கும்கூட அந்தக் குழப்பம் இருக்கும். குழம்பிய காற்றில் மின்சாரமும் கிடைக்காது, இறக்கையும் பேரிங்கும் சீக்கிரம் கெட்டுவிடும்.

இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். காற்றாலையின் இறக்கை நுனி கீழே வரும்போது, சுற்றிலும் 500 அடிக்குள் உள்ள எந்த மரத்தையும் கட்டடத்தையும்விட 30 அடி உயரமாக இருக்க வேண்டும். 60 அடி தென்னந்தோப்புக்கு நடுவே என்றால் கம்பம் 95 அடி வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. தோப்புக்காரர்கள் இதை விட்டுவிடுவது நல்லது. மேட்டு நிலம், மானாவாரிக் காடு, கடலோர வெளி, இவைதான் ஏற்ற இடம்.

உயரம் கூடக் கூடக் காற்றும் கூடும். வெட்டவெளியிலேயே 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் சக்தி மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். இறக்கையைப் பெரிதாக்கச் செலவழிக்கிற பணத்தைக் கம்பத்தின் உயரத்துக்குச் செலவழியுங்கள். வீட்டு மாடியில் வைத்தால் கம்பச் செலவு மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். கட்டடத்தின் மேல் காற்று குழம்பும். அதிர்வு சுவருக்குள் இறங்கி வீடே ரீங்காரம் போடும், ராத்திரி தூக்கம் போய்விடும்.

காற்றாலையின் உறுப்புகள்

ஸ்காட்லாந்தில் ஸ்கொரைக் என்ற மின்கம்பி போகாத ஊரில் ஹியூ பிக்காட் என்பவர் 1970களிலிருந்து கையால் காற்றாலை செய்து, அதைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். பல நாடுகளில் அவர் முறையைப் பின்பற்றுகிறார்கள். அந்த ரகத்தில் முக்கியமான உறுப்புகளைச் சொல்கிறேன்.

இறக்கை. மூன்று இறக்கை, ஒவ்வொன்றும் நாலடி. கணு இல்லாத, ரேகை நேராக ஓடிய, நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். நடுப்பக்கம் அகலமாகவும் கோணம் அதிகமாகவும், நுனிப்பக்கம் ஒடுக்கமாகவும் கோணம் குறைவாகவும் செதுக்க வேண்டும். காற்றைப் பார்க்கிற முகம் தட்டை, முதுகு வளைவு. முன் விளிம்பு உருண்டு, பின் விளிம்பு கத்தி போல மெல்லிசாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே எடையாக இருக்க வேண்டும். பொருத்திய பிறகு நடுவில் தாங்கிப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. ஒரு பக்கம் கனத்தால் கம்பமே ஆட ஆரம்பித்துவிடும்.

டைனமோ. "பழைய கார் ஆல்டர்னேட்டரைப் போட்டுவிடலாமே?" என்று கேட்பார்கள். அது நிமிஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்றில் ஓடுவதற்குச் செய்தது. நம் இறக்கை 18 கிலோமீட்டர் காற்றில் நிமிஷத்துக்கு 240 சுற்றுதான் சுற்றும். ஆகவே மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும் டைனமோவை நாமே செய்ய வேண்டும். இரண்டு வட்ட இரும்புத் தட்டு. தட்டுக்கு 12 வீதம் நியோடிமியம் என்ற வலுவான காந்தம், வடக்கு தெற்கு மாறி மாறி. இரண்டு தட்டுக்கும் நடுவே, அசையாமல், ரெசின் ஊற்றி வார்த்த 9 தாமிரக் கம்பிச் சுருள். சுருள் எத்தனை சுற்று, கம்பி எவ்வளவு கனம் என்பதைப் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மோட்டார் காயில் கட்டுகிறவருக்கு இது கைவந்த வேலை. தட்டுகள் சுழல்வதற்குப் பழைய காரின் சக்கர ஹப்பும் பேரிங்கும் போதும். சுருளிலிருந்து வருவது மாறு மின்சாரம். ரெக்டிஃபையர் வழியாக அனுப்பினால் பேட்டரிக்கு ஏற்ற நேர் மின்சாரம் ஆகிவிடும்.

வால். இது வெறும் திசைகாட்டி இல்லை, இதுதான் காற்றாலையின் காவல்காரன். இறக்கைச் சக்கரத்தைக் கம்பத்துக்கு நேராக வைக்காமல் சற்று ஒதுக்கி வைப்பார்கள். வாலைச் சாய்வான கீலில் மாட்டுவார்கள். அளவான காற்றில் வால் தன் கனத்தால் இறங்கி நின்று, இறக்கையைக் காற்றுக்கு நேராகப் பிடிக்கும். காற்று மிஞ்சினால் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பும், வால் மேலே தூக்கிக்கொள்ளும், இறக்கை காற்றுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கும். காற்று தணிந்ததும் வால் தானாக இறங்கிப் பழைய நிலைக்கு வரும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு என்று பார்த்தோமே, அந்த எட்டு மடங்கிலிருந்து தப்புவதற்குத்தான் இந்த ஏற்பாடு. வால் மடங்காத காற்றாலையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பேட்டரியும் ஒயரும்

இன்வெர்ட்டருக்குப் போடுகிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆனால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆயுசு குறையும். கம்பம் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் 12 வோல்ட் வேண்டாம். 24 அல்லது 48 வோல்ட் அமைப்பாக வையுங்கள். வோல்ட் நாலு மடங்கானால் ஆம்பியர் நாலில் ஒன்றாகும். அதே ஒயரில் வீணாகிற சக்தி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இன்னொரு முக்கியமான சங்கதி. ஓடுகிற மாட்டு வண்டியில் பாரம் இல்லாவிட்டால் மாடு எப்படி மிரண்டு ஓடுமோ, அப்படித்தான் காற்றாலையும். பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டால், பாரம் இல்லாமல் இறக்கை தாறுமாறாக வேகமெடுத்து உடையும். சூரியத் தகட்டுக்கான சாதாரணக் கன்ட்ரோலர் இப்படித் துண்டிக்கிற ரகம், அதை இதில் மாட்டக் கூடாது. மிச்ச மின்சாரத்தை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிடுகிற கன்ட்ரோலர்தான் காற்றாலைக்கு வேண்டும்.

உயிர் முக்கியம்

கம்பம் நிமிர்த்துவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். அடியில் கீல் வைத்து, நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, படுக்கவைத்து நிமிர்த்துகிற கம்பமாகச் செய்யுங்கள். அப்போது யாரும் மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. ரிப்பேர் எல்லாம் தரையிலேயே பார்க்கலாம். காற்று இல்லாத விடியற்காலையில் நிமிர்த்துங்கள். கம்பம் விழுந்தால் எட்டுகிற தூரத்துக்குள் மனிதரோ, மாடோ, மின்கம்பியோ இருக்கவே கூடாது.

சுற்றுகிற இறக்கையின் பக்கம் போகாதீர்கள். 36 கிலோமீட்டர் காற்றில் இறக்கை நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. கண்ணுக்கு இறக்கை தெரியாது, வெறும் நிழல்தான் தெரியும். நியோடிமியம் காந்தம் விரலை நசுக்கிவிடும். இரண்டு தட்டையும் கையால் சேர்க்காமல், போல்ட்டைத் திருகி மெதுவாக இறக்குங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தக் காந்தத்தின் பக்கம் வரவே வேண்டாம். பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், அங்கே பீடி, சிகரெட் கூடாது. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். கம்பத்துக்கு எர்த் கட்டாயம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது. காற்றாலை மின்சாரத்தை மின்வாரிய ஒயரிங்கோடு நீங்களாக இணைக்காதீர்கள். லைன் நிறுத்தியாச்சு என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேனின் உயிரை உங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகிற மின்சாரம் பறித்துவிடும். இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் எடுப்பதானால், தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஒயரிங் போடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் காற்று வருமுன்பே காற்றாலையை நிறுத்தி, கம்பத்தைச் சாய்த்துவிடுங்கள். டைனமோவின் மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்தால் இறக்கை நிற்கும். ஆனால் பலத்த காற்று வந்த பிறகு அப்படிச் செய்தால் காயில் கருகிவிடலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தென்னைகள் என்ன பாடுபட்டன என்று டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும். படுத்த கம்பத்துக்குப் புயலால் ஆபத்து குறைவு. வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரையில் கம்பத்தைச் சாய்த்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, போல்ட்டையெல்லாம் முடுக்கி, இறக்கைக்குப் பெயிண்ட் அடித்து, ஸ்டே கம்பியைப் பார்த்து மறுபடி நிமிர்த்துங்கள்.

அப்படியானால் யார் வைக்கலாம்?

சூரியத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. 330 வாட் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்கு மேல் தரும். சுற்றுகிற உறுப்பு கிடையாது, கிரீஸ் கிடையாது, கம்பம் கிடையாது. ஆகவே பெரும்பாலான தோட்டத்து வீடுகளுக்கு முதலில் சூரியத் தகடு என்பதுதான் சரியான யோசனை.

ஆனால் கணவாய் ஊர்களில் ஆனி, ஆடியில் வானம் மூடிக்கிடக்கும், வெயில் குறையும். காற்றோ அந்த நேரத்தில்தான் இரவும் பகலும் வீசும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்திருக்கும், வெயில் கொளுத்தும். ஒரே பேட்டரிக்கு இரண்டிலிருந்தும் மின்சாரம் சேர்த்தால், ஒன்று கைவிடும் காலத்தில் மற்றொன்று கைகொடுக்கும். ஊடுபயிர் போடுகிற அதே யோசனைதான்.

ஆகவே, மேட்டுநிலம் உள்ளவர், மின்கம்பி எட்டாதவர், நோட்டுப் புத்தகத்தில் நல்ல காற்று எழுதியவர், வருஷம் ஒருமுறை கம்பத்தைச் சாய்த்துப் பார்க்கப் பொறுமை உள்ளவர், இந்த நாலும் சேர்ந்தவர் தாராளமாகக் காற்றாலை வைக்கலாம். நாலில் ஒன்று குறைந்தாலும் சூரியத் தகட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நாளைக் காலையே ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து, மேட்டில் போய் நின்று, மரத்தின் கிளையைப் பாருங்கள். இலை அசைகிறதா, குச்சி அசைகிறதா, புழுதி கிளம்புகிறதா என்று எழுதுங்கள். காற்றாலை வேலை அந்த முதல் வரியில் தொடங்கிவிட்டது.